கக்கனும் பத்தாண்டுக் கெடுவும்

கக்கன் என்றதும் நமக்குச் சொல்லப்படுவது மதுரை அரசு மருத்துவமனைக் கதைதான். பத்தாண்டு அமைச்சராக இருந்தவர் பொது வார்டில் கிடந்தார். வேறொருவரை நலம் விசாரிக்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவரை அங்கே கண்டு கலங்கினார். நடந்ததுதான். ஆனால் ஆண்டுதோறும் ஜூன் 18 பிறந்த நாளுக்கும் டிசம்பர் 23 நினைவு நாளுக்கும் இந்த ஒன்றை மட்டும் கைபேசியில் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். அவருடைய எளிமையைக் கும்பிடுவதில் யாருக்கும் செலவில்லை. சாதியை அசைக்க வேண்டியதும் இல்லை. அந்தக் காலத்தில் ஒரு தலித் அந்த நாற்காலி வரைக்கும் எப்படிப் போனார், எந்தச் சட்டம் வழிவிட்டது, அந்தச் சட்டத்துக்கு என்ன கெடு விதித்திருந்தார்கள் என்பதை யாரும் பேசுவதில்லை. இந்த வாரம் நாம் அதைப் பேசுவோம்.

மேலூர் வட்டம் தும்பைப்பட்டியில் பிறந்தவர் கக்கன். தந்தை ஊரில் பூசாரி. பூசாரி மகனாக இருந்தும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அவர் கால் வைக்க முடியாது. இளம் வயதிலேயே காங்கிரசுக்கு வந்து, மதுரை வைத்தியநாத ஐயரோடு சேர்ந்து சேரிப் பிள்ளைகளின் படிப்புக்காகவும் விடுதிக்காகவும் உழைத்தார். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் ஒரு சிறு குழுவை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனபோது அதில் கக்கனும் இருந்தார்.

அந்த நாளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் உள்ளே போனபோது அவர்களைக் காக்கச் சட்டம் எதுவும் கிடையாது. போனவர்கள் மீது வழக்கு வரும் என்ற நிலை வந்த பிறகுதான் ராஜாஜி அரசு அவசரச் சட்டம் போட்டது. பிறகு அதே ஆண்டில் ஆலயப் பிரவேச அனுமதி, பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. கோயிலைத் திறந்துவிட்டது ராஜாஜியின் பெருந்தன்மை என்று எழுதுகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கைதாகி அலிப்பூர் சிறைக்குப் போனார். வெளியே வந்த பிறகு, நாட்டின் அரசமைப்புச் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்து உறுப்பினர்களில் ஒருவரானார். வி.ஐ.முனுசாமி பிள்ளை, எஸ்.நாகப்பா, தாட்சாயணி வேலாயுதன் ஆகியோரும் அந்தப் பட்டியலில் இருந்த நம்மவர்கள். வரைவுக் குழுத் தலைவராக பாபாசாகேப் அம்பேத்கர் இருந்தார். அவர்கள் உட்கார்ந்திருந்த அந்தச் சபை தீண்டாமையை 17-ஆம் கூற்றில் ஒழித்தது. சட்டமன்றத்திலும் மக்களவையிலும் பட்டியலினத்தவருக்குத் தனித்தொகுதிகளையும் வைத்தது.

ஆனால் 334-ஆம் கூற்றில் ஒரு கெடு விழுந்தது. தனித்தொகுதிகள் பத்தே ஆண்டுக்குத்தான்.

இங்கே மாணவர்களுக்காக நின்று சொல்ல வேண்டும். பழங்காநத்தத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் பேசும்போது, இடஒதுக்கீடே பத்தாண்டுக்குத்தான் என்று எழுதியிருக்கிறதாமே என்று பலர் கேட்கிறார்கள். தவறு. பத்தாண்டுக் கெடு தேர்தல் தொகுதிகளுக்கு மட்டும்தான். கல்வியிலும் அரசு வேலையிலும் உள்ள ஒதுக்கீட்டுக்கு அரசமைப்புச் சட்டம் எந்தக் கெடுவும் வைக்கவில்லை. யாரோ வேண்டுமென்றே இரண்டையும் குழப்பிவிட்டது இன்று பாடப்புத்தகம் படித்தவர்கள் வாய் வரை வந்துவிட்டது.

கல்வி ஒதுக்கீட்டுக்கு வேறு விதத்தில் ஆபத்து வந்தது. அதுவும் நம் மாகாணத்தில்தான். சென்னை அரசின் வகுப்புவாரி ஆணைப்படி மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் 2 இடம் ஆதிதிராவிடருக்கு. பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, கிறித்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1950-ல் சென்னை உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இந்த ஆணை செல்லாது என்றன. அரசமைப்புச் சட்டம் நடப்புக்கு வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. அதைக் காட்டியே நம் பிள்ளைகளின் கல்லூரி இடம் பறிபோகப் பார்த்தது. பெரியார் தெருவில் இறங்கினார்; மாகாணமே கொதித்தது. பொதுத் தேர்தலே நடக்காத நேரம் அது. அரசியல் நிர்ணய சபைதான் தற்காலிக நாடாளுமன்றமாக இயங்கியது. அங்கே முதல் திருத்தம் நிறைவேறியது. பிற்பட்டோருக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) அப்போதுதான் சேர்ந்தது. முதல் திருத்தம் சட்டமானது 1951 ஜூன் 18-ல். கக்கன் பிறந்த தேதி! தற்செயல்தான், ஆனாலும் ஜூன் 18-ல் கக்கன் படத்துக்கு மாலை போடுகிற நம் தோழர்கள் இதையும் சேர்த்துப் பேசலாம். (அதே திருத்தம் பேச்சுரிமைக்குக் கூடுதல் கட்டுப்பாடுகளையும் கொண்டுவந்தது. திருத்தம் என்றாலே நன்மை என்று எண்ணிவிட வேண்டாம்.)

1952 முதல் பொதுத் தேர்தலில் மதுரையிலிருந்து மக்களவைக்குப் போனார் கக்கன். அப்போது மதுரை இரட்டை உறுப்பினர் தொகுதி: ஒருவர் பொது, ஒருவர் பட்டியலினத்தவர். இந்த முறை 1961-ல்தான் ஒழிந்தது. காமராஜர் முதல்வரானதும் தமிழ்நாடு காங்கிரஸ் தலைமை கக்கனிடம் வந்தது. 1957-ல் சட்டமன்றத்துக்கு வந்து பொதுப்பணித் துறை அமைச்சரானார். வைகை அணை 1959-ல் திறக்கப்பட்டது அவர் அந்தத் துறையில் இருந்த காலத்தில்தான்.

அவர் அமைச்சராக இருக்கும்போதே பத்தாண்டுக் கெடு முடியும் நேரம் வந்தது. 1960 ஜனவரியில் எட்டாவது திருத்தம் அதை இருபது ஆண்டாக்கியது. 1962 தேர்தலில் தனித்தொகுதி என்று ஒன்று இருந்ததற்கே அந்தத் திருத்தம்தான் காரணம். இப்படித் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தைத் தொடுவதால் பாதி மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும்.

தனித்தொகுதியில் நிற்பவர் தலித்; வெற்றியைத் தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் பிறர். 1932 பூனா ஒப்பந்தத்தில் தனி வாக்காளர் தொகுதியைக் கைவிட நேர்ந்ததன் விளைவு அது. கக்கன் காந்தியின் வழியில் வந்தவர், கட்சிக்குக் கட்டுப்பட்டவர். 1957 செப்டம்பரில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டு முதுகுளத்தூர் எரிந்தபோதும் அவர் அமைச்சரவையில் இருந்தார். அவர் இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் அந்த மௌனத்தைக் கக்கன் ஒருவர் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. அவரை அங்கே உட்கார வைத்த முறைக்கும் அதில் பங்குண்டு.

1963-ல் உள்துறை அமைச்சரானார். லஞ்ச ஒழிப்புத் துறை 1964-ல் அமைந்தது அவர் காலத்தில். அதற்கடுத்த ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் இன்னொரு கெடு அவர் தலையில் விழுந்தது. ஆங்கிலம் ஒன்றிய அலுவலில் 15 ஆண்டு தொடரும் என்று 343-ஆம் கூறு சொல்லியிருந்தது. அது 1965 ஜனவரி 26-ல் முடிந்தது. மதுரையில் மூண்ட மாணவர் போராட்டம் தமிழ்நாடெங்கும் பரவியது. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. காவல் துறை அவர் பொறுப்பில் இருந்தது. இதில் அவருக்காக வாதாட நமக்கு விருப்பமில்லை. 1967 தேர்தலில், சொந்த மேலூர்ப் பகுதியிலேயே தி.மு.க.வின் ஓ.பி.ராமனிடம் தோற்றார். அதற்குப் பிறகுள்ள எளிய வாழ்க்கைதான் எல்லாரும் சொல்லும் கதை. 1981 டிசம்பர் 23-ல் காலமானார்.

தேசத்துக்குச் சட்டம் எழுதிய சபையில் ஒரு தும்பைப்பட்டிக்காரர் உட்கார முடிந்தது. ஆனால் அவர் வாழ்ந்தவரை, ஊராட்சித் தலைவர் பதவியில் ஒரு தலித் உட்கார அரசமைப்புச் சட்டத்தில் உறுதி கிடையாது. கிராம ஊராட்சியை 40-ஆம் கூறு வழிகாட்டு நெறியாகச் சொல்லி விட்டுவிட்டது. 73-ஆவது திருத்தம் நடப்புக்கு வந்தது 1993 ஏப்ரல் 24-ல். அதன்படி தமிழ்நாடு 1994-ல் சட்டம் இயற்றி, 1996-ல் தேர்தல் நடத்தியது.

அப்போது தனி ஊராட்சியானது மேலவளவு. கக்கனின் அதே மேலூர் வட்டம். மிரட்டலில் மனுக்கள் திரும்பப் பெறப்பட்டன. வாக்குப் பெட்டி பறிக்கப்பட்டது. கடைசியில் 1996 டிசம்பர் இறுதியில் போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30-ல், மதுரை கலெக்டர் அலுவலகம் போய்த் திரும்பியபோது பேருந்தை மறித்து அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை முறையாகத் தேர்தல் நடத்தவே முடியவில்லை.

மேலவளவு வழக்கில் 2001-ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2019 நவம்பரில் 13 பேர் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள். அடுத்த ஜனவரியில் 104-ஆவது திருத்தம் வந்து தனித்தொகுதிகளுக்கு இன்னொரு பத்தாண்டு கொடுத்தது. அந்தக் கெடு 2030 ஜனவரி 25 அன்று முடிகிறது. பலர் கவனிக்காத ஒன்று 243டி கூற்றின் ஐந்தாம் உட்பிரிவில் இருக்கிறது: எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதிகளின் கெடு முடியும் அன்றே, ஊராட்சிகளில் பட்டியலினத்தவருக்கான உறுப்பினர், தலைவர் இடங்களின் ஒதுக்கீடும் முடிந்துவிடும். மேலவளவும் அதில் அடக்கம்.