வேர்முடிச்சில் உயிர் கண்டவர்

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 1851ஆம் ஆண்டு பிறந்தவர் மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க். தந்தையின் புகையிலை வணிகம் நொடித்தமையால் வறுமைக்கிடையே பயின்று, லைடன் பல்கலைக்கழகத்தில் 1877இல் முனைவர் பட்டம் பெற்றார். 1885இல் டெல்ஃப்ட் நகரின் ஈஸ்ட், சாராய ஆலையில் நுண்ணுயிர் ஆய்வாளராக அமர்ந்தார். ஆலைப் பணிக்கும் பட்டாணி வேருக்கும் தொடர்பில்லைதான். ஆயினும் தாவரவியலில் அவருக்கிருந்த பற்று நீங்கவில்லை.

பட்டாணி முதலிய பயறுவகைச் செடிகளின் வேர்களில் சிறுசிறு முடிச்சுகள் காணப்படும். இம்முடிச்சுகளின் துணையால் அச்செடிகள் காற்றின் நைட்ரஜனைப் பெறுகின்றன என்று ஜெர்மானிய அறிஞர் ஹெல்ரீகல் 1886இல் அறிவித்தார். அம்முடிச்சுகளுக்குள் தெரிந்த நுண்துகள்கள் யாவை? உயிரிகள் என்றனர் சிலர். செடி சேமித்துவைத்த புரதத் துணுக்குகளே என்றனர் வேறு சிலர். நுண்ணோக்கியால் எத்துணை உற்றுநோக்கினும் இவ்வழக்குத் தீராது. செடிக்கு வெளியே அவை தாமே வளர்ந்து பெருகவேண்டும், அதுவே சான்று.

அச்சான்றைத் தேடினார் பெய்ஜெரிங்க். மண்ணில் வாழும் பிற பாக்டீரியாக்களுள் ஒன்று கலந்துவிட்டாலும் முயற்சி பாழாகும். எனவே முடிச்சின் உட்பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, பயறுச்செடியின் இலைச்சாறு சேர்த்த ஜெலாட்டின்மீது பரப்பினார். செடியில் வாழ்வதற்குச் செடியின் சாற்றையே உணவாக்கிய எண்ணம் எளியது. ஆனால் பலருக்குத் தோன்றாதது. துகள்கள் பெருகித் தனித்தனித் திரள்களாயின. 1888இல் இதனை வெளியிட்டு, வேரில் வாழும் கோலுயிரி எனப் பொருள்படும் 'பேசில்லஸ் ரேடிசிகோலா' என்னும் பெயரைச் சூட்டினார். பின்னர், தூய வளர்ப்பைச் செடிகளுக்கு இட்டு முடிச்சுகளைத் தோற்றுவித்தும் காட்டினார். எனினும், செடியைப் பிரிந்த நிலையில் அவ்வுயிரி நைட்ரஜனை நிலைநிறுத்துவதை அவரால் மெய்ப்பிக்க இயலவில்லை.

எல்லா முடிச்சுகளிலும் வாழ்வது ஒரே சிற்றினம், வேறுபாடுகள் அதன் வகைகளே என்பது அவர் கருத்து. இது நிலைக்கவில்லை, இன்று அவை பல பேரினங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவரிட்ட பெயரும் நிலைக்கவில்லை. முன்னர்ப் புரதத் துணுக்குக் கொள்கையின் பக்கம் சாய்ந்திருந்த பிராங்க் என்பவர் 1889இல் இட்ட 'ரைசோபியம்' என்ற பெயரையே தாவரவியல் பாடத்தில் நீங்கள் படிக்கிறீர்கள்.

1895இல் டெல்ஃப்டில் பேராசிரியரான பெய்ஜெரிங்க், மாணவரிடம் மிகக் கடுமை காட்டினார், அது போற்றத்தக்கதன்று. மண்ணில் தனித்து வாழ்ந்தே நைட்ரஜனை நிலைநிறுத்தும் அசட்டோபாக்டரை 1901இல் விவரித்தார். திருமணம் செய்துகொள்ளாத அவர், 1921இல் ஓய்வுபெற்றுக் கோர்செல் என்னும் சிற்றூரில் உடன்பிறந்த சகோதரியருடன் வாழ்ந்தார். அங்கும் செடிகளை ஆராய்ந்துவந்து, 1931 சனவரி முதல் நாளன்று மறைந்தார்.