சைக்கிள் சக்கரத்தோடு மலையேறிய வக்கீல்... 3,500 கி.மீ பாதை இன்னும் உயிரோட இருக்கிற கதை!

ட்ரெக்கிங் போன இடத்துல போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறதுக்கு முன்னாடி, ஒரு நிமிஷம் காலுக்குக் கீழே பார்த்திருக்கீங்களா? அந்தப் பாதையைப் போட்டது யார்? சரி, போட்டதுகூட இருக்கட்டும். போன மழையில விழுந்த மரத்தை அறுத்து ஓரமா தள்ளினது யார்?

இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கத் தூக்கிச் சுமந்த ஒரு மனுஷரைப் பத்திதான் இன்னிக்குப் பார்க்கப்போறோம். பெயர் மைரன் ஏவரி. அமெரிக்காவில் 14 மாநிலங்களைக் கடந்து, சுமார் 3,500 கி.மீ நீளும் அப்பலாச்சியன் ட்ரெயிலை நிஜமாக்கியவர்.

கனவு ஒருத்தருடையது!

மெய்ன் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிற லூபெக் என்ற கடலோர ஊரில் 1899-ல் பிறந்தவர் ஏவரி. ஹார்வர்டில் சட்டம் படித்தார். வாஷிங்டனில் கப்பல் துறை சார்ந்த அரசு வக்கீலாக வேலை பார்த்தார். ஃபைல், கோர்ட், கப்பல் வழக்கு... வாழ்க்கை அப்படியே போயிருக்கும்.

ஆனா, 1921-ல் பென்டன் மெக்கை என்ற வனவியலாளர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அப்பலாச்சியன் மலைத்தொடரின் முகடுகள் வழியாக ஒரு நீண்ட நடைபாதை. ஊர்களின் நெரிசலில் இருந்து தப்பி மக்கள் வந்து தங்க வழிநெடுக முகாம்கள். இதுதான் அவரோட ஐடியா. அழகான கனவுதான். ஆனா, சில வருஷங்களிலேயே வேகம் குறைஞ்சுபோச்சு. கூட்டம் போட்டாங்க, பேசினாங்க; மலையில பாதையைத்தான் காணோம்.

அந்தக் கனவை முதலில் தட்டி எழுப்பியவர் ஆர்தர் பெர்கின்ஸ் என்ற ஓய்வுபெற்ற நீதிபதி. அவரோட சேர்ந்துக்கிட்டவர்தான் ஏவரி. 1927-ல் வாஷிங்டனில் சில நண்பர்களோடு ஒரு மலைநடை கிளப் ஆரம்பித்தார். வார இறுதி வந்தா போதும், கோடரியும் கத்தியுமா மலைக்குக் கிளம்பிடுவாங்க. பெர்கின்ஸ் நோய்வாய்ப்பட, 1931-ல் மொத்தப் பாதைக்கான அமைப்பின் தலைவரானார் ஏவரி. அப்போ அவருக்கு வயசு 31.

கையில் ஒரு சக்கரம்

அவரோட பழைய போட்டோக்களில் ஒரு விநோதமான பொருள் இருக்கும். சைக்கிளின் ஒற்றைச் சக்கரம், அதில் தூரம் காட்டும் மீட்டர். அதைத் தள்ளிக்கிட்டே மலையேறுவார். எந்த இடத்துல ஊற்று, எங்கே திரும்பணும், அடுத்த குடிலுக்கு எவ்வளவு தூரம்னு எல்லாத்தையும் அளந்து குறிச்சுக்குவார். அதெல்லாம் வழிகாட்டிப் புத்தகங்களாச்சு. ஜி.பி.எஸ் இல்லாத காலம். தண்ணி எங்கே கிடைக்கும்னு தப்பா எழுதினா, நடக்கிறவன் பாடு திண்டாட்டம்தான்.

சொந்த மாநிலமான மெய்னில் காடு ரொம்ப அடர்த்தி, அந்தப் பகுதியை விட்டுடலாம்னு பேச்சு எழுந்தது. ஏவரி விடலை. 1933-ல் கடாடின் சிகரத்தில் பாதையின் வடமுனைப் பலகையை வெச்சுட்டு, அங்கிருந்து தெற்கே குறியிட்டுக்கிட்டே நடந்தார். 1936-ல் மொத்தப் பாதையையும் பகுதி பகுதியாக நடந்து முடித்த முதல் ஆள் அவர்தான். அடுத்த வருஷம், 1937 ஆகஸ்டில், மெய்னில் கடைசி இணைப்பும் முடிஞ்சது.

நல்லவர்தான்... ஆனா கோபக்காரர்!

ஏவரியைத் தெய்வமாக்க வேண்டாம். பிடிவாதக்காரர். கடிதத்திலேயே ஆளைக் கடிச்சுக் குதறுவார். பாதை நீண்ட அளவுக்கு மனஸ்தாபமும் நீண்டது. ஷெனண்டோவா மலைமுகட்டில் கார் ரோடு வந்தப்போ, கனவு கண்ட மெக்கை கொதிச்சுப்போனார். காட்டுக்குள் ரோடா என்பது அவர் கேள்வி. ரோடு வந்தே தீரும், பாதையைத் தள்ளிப்போட்டாவது காப்பாத்துவோம் என்பது ஏவரியின் கணக்கு. 1935-36-ல் காரசாரமா கடிதம் பறந்தது; அதோட உறவு முறிஞ்சது. யார் சரி? இன்னிக்கு வரைக்கும் மலைநடை ரசிகர்கள் அடிச்சுக்கிற விஷயம் இது.

முடிஞ்சதுன்னு நினைச்சா...

பாதை முழுமையான மறு வருஷமே, 1938 செப்டம்பரில், ஒரு பெரும் சூறாவளி வட பகுதியில் மரங்களை வேரோடு சாய்ச்சது. தெற்கே இன்னொரு ரோடு பாதையின் நீண்ட பகுதியை விழுங்கியது. அப்புறம் உலகப்போர். வேலை செஞ்ச கைகள் எல்லாம் போர்முனைக்குப் போயிடுச்சு.

கவனிக்காம விட்ட மலைப்பாதை என்ன ஆகும் தெரியுமா? ரெண்டு, மூணு கோடையில புதர் மூடிடும். மரத்தில் அடிச்ச வெள்ளைக் குறி மங்கிடும். மழைத்தண்ணி பாதையையே ஓடையாக்கி மண்ணை அரிச்சுடும். மூணு பக்கம் மட்டும் சுவர் உள்ள மரக்குடிலில் கூரை ஒழுக ஆரம்பிக்கும். ஒழுகினா பலகை மக்கும். முள்ளம்பன்றிகள் மரத்தைக் கடிச்சுத் தின்னும். 1948-ல் ஏர்ல் ஷாஃபர் என்ற முன்னாள் ராணுவ வீரர் ஒரே மூச்சில் பாதை முழுக்க நடந்தப்போ, பல இடத்துல வழியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஏவரி திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சார். கிளப்களுக்குக் கடிதம், திருத்திய வழிகாட்டி, மறுபடியும் கோடரி. 1951-ல் பாதை மீண்டும் தொடர்ச்சியா இணைஞ்சது. 1952-ல் தலைவர் பதவியிலிருந்து விலகினார். அதே ஜூலையில் மகனோடு கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு பழைய கோட்டையைப் பார்க்கப் போன இடத்தில் மாரடைப்பு. வயசு 52-தான். ஓய்வுன்னு சொல்ல ரெண்டு மாசம்கூட முழுசா கிடைக்கலை.

இன்னிக்கு எப்படி இருக்கு?

1968-ல் அந்தப் பாதைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைச்சது. ஆனா, மண்வெட்டி பிடிக்கிறது இன்னிக்கும் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். சுமார் 30 கிளப்கள், 250-க்கும் மேற்பட்ட குடில்கள். பல கிளப்களில் ஆளுக்குச் சில மைல்னு பிரிச்சுக் கொடுத்திருப்பாங்க. அந்த மைல்களில் மரம் விழுந்தா அவங்க பொறுப்பு. மழைநீரைத் திருப்பிவிட பாதைக்குக் குறுக்கே சாய்வா கட்டை பதிக்கிறது, கல் அடுக்குறது, கழிப்பறையைச் சுத்தம் பண்றதுன்னு எல்லாம் அவங்க வேலைதான். 2024-ல் ஹெலீன் சூறாவளி தென்பகுதியைப் புரட்டிப்போட்டப்பவும் ரம்பத்தோடு வந்து நின்னவங்கள்ல இவங்களும் உண்டு.

மெய்னில் ஒரு சிகரத்துக்கு ஏவரியின் பெயரை வெச்சிருக்காங்க. ஆனா, அவர் பெயர் தெரியாமலே அந்தப் பாதையில் நடக்கிறவங்கதான் அதிகம். அதுல தப்பில்ல. கால் தடுக்காம நடந்தீங்கன்னா, யாரோ ஒருத்தர் வேலையைச் சரியா செஞ்சிருக்காங்கன்னு அர்த்தம்.

அடுத்த முறை மலையேறும்போது பாதையில ஒரு கிளை விழுந்து கிடந்தா, தாண்டிப் போயிடாதீங்க. குனிஞ்சு ஓரமா எடுத்துப் போடுங்க. ஏவரிக்கு அது போதும்!