கவிக்குயில் சரோஜினி அம்மையார்

ஹைதராபாத் கச்சிபௌலியில் பரந்து கிடக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்தைத் தமிழர்களில் அறியாதார் இலர். ஆனால் 1974-ல் பிறந்த அந்தப் பல்கலைக்கழகம் முதலில் நடைபெற்றது நாம்பள்ளிப் பக்கம் உள்ள ஒரு வீட்டில்தான். அது கவிக்குயில் சரோஜினி நாயுடு அம்மையார் வாழ்ந்த இல்லம்.

1879-ம் ஆண்டு பிப்ரவரி 13-ல் ஹைதராபாத்தில் வங்காளிப் பிராமணக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை அகோரநாத் சட்டோபாத்யாயர் நிஜாம் கல்லூரியை உருவாக்கிய அறிஞர். சரோஜினி பன்னிரண்டாம் வயதிலேயே சென்னை மெட்ரிகுலேஷன் தேர்வில் சிறப்பாகத் தேறினார். நிஜாம் அளித்த உதவித்தொகையில் 1895-ல் இங்கிலாந்து சென்று பயின்றார். திரும்பியதும், வேறு சாதியைச் சேர்ந்த டாக்டர் கோவிந்தராஜுலு நாயுடுவை 1898-ல் மணந்தார். சாதி வரம்பு மீறிய மணம் பெரும் அவமதிப்பாகக் கருதப்பட்ட காலம் அது.

1908-ல் மூசி நதி வெள்ளம் நகரைச் சூறையாடி ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. வசதியான இல்லத்தரசியாக இருந்த அம்மையார் நிவாரணப் பணியில் இறங்கினார். அதற்காக ஆங்கில அரசாங்கம் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியது. 1919-ல் ஜாலியன்வாலாபாக்கில் நிராயுதபாணிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைக் கண்டித்து அம்மையார் அந்தப் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கௌரவத்தைவிட நியாயம் பெரிது என்று அவர் காட்டிய வழி அது.

கடல் கடந்த தமிழர்கள் அவருக்குப் பெரிதும் கடமைப்பட்டவர்கள். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோரில் தமிழர் ஏராளம். கூலி ஒப்பந்த முறையை ஒழிக்கக் கோரி அம்மையார் மேடைதோறும் முழங்கினார். 1924-ல் தென்னாப்பிரிக்காவுக்கே சென்று, இந்தியரை ஒதுக்கி வைக்கும் மசோதாவை எதிர்த்துப் பேசினார். மாளிகையில் வாழ்ந்தவர் தோட்டத் தொழிலாளிக்காகக் குரல் கொடுத்தார்.

1925-ல் கான்பூர் காங்கிரஸுக்குத் தலைமை வகித்து, அப்பதவியை ஏற்ற முதல் இந்தியப் பெண்மணி ஆனார். 1930-ல் தாராசனா உப்புப் போராட்டத்தில் கைதானார். சுதந்திரத்துக்குப் பின் ஐக்கிய மாகாண ஆளுநராக இருந்து, 1949 மார்ச் 2-ல் லக்னோவில் காலமானார்.

பிற்காலத்தில் அவரது குடும்பத்தார் அந்த இல்லத்தைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தனர். நிஜாமின் உதவியால் படித்தவரின் வீடு, ஏழை எளியவர் பிள்ளைகளும் படிக்கும் கல்விச்சாலைக்குத் தொட்டிலாயிற்று. பெற்றதைப் பிறருக்குத் திருப்பித் தருவதே பெருமை என்பதற்கு அந்த வீடே சாட்சி.