தொரப்பள்ளி ராஜாஜியும் அரைநாள் பள்ளிக்கூடமும்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் ஒரு வீடு அரசு நினைவில்லமாக இருக்கிறது. 1878 டிசம்பரில் ராஜாஜி பிறந்த வீடு அது. அவர் கவர்னர் ஜெனரலாக இருந்ததும் பாரத ரத்னா பெற்றதும் நம் மாணவர்களுக்குப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்துப் பணம் பற்றி அவர் எடுத்த ஒரு முடிவு சேரிப் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தது என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பா ஊர் முன்சீப். ராஜாஜிக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ஓசூருக்குக் குடிவந்தது. ஓசூரில் பள்ளி, பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பட்டம், சென்னையில் சட்டப்படிப்பு என்று அவர் படிப்பு தடையில்லாமல் நடந்தது. அப்பாவின் முன்சீப் வேலையைப் பழகுவதற்காக அரைநாள் வீட்டில் இருக்கும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

1900-ல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரானார். காந்தியோடு சேர்ந்தபின் தொழிலை விட்டார். 1925-ல் திருச்செங்கோடு பக்கம் ஆசிரமம் அமைத்து, தலித்துகளையும் சேர்த்துக்கொண்டு வாழ்ந்தார். அந்தக் காலத்தில் அவருடைய சாதியில் பிறந்த ஒருவர் அப்படி வாழ்ந்தது சிறிய காரியமல்ல. அதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகல்ல.

1932 செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம் ஆனது. அண்ணல் அம்பேத்கர் தனித்தொகுதியை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டார். ராஜாஜியும் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். தொகுதிகளின் எண்ணிக்கையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். ஒன்பதாவது பிரிவை யாரும் எடுப்பதில்லை. ஒவ்வொரு மாகாணத்திலும் கல்விக்கு ஒதுக்கும் பணத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் கல்விக்கென்று போதிய தொகையைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. தனித்தொகுதிக்கு ஈடாக நமக்குக் கிடைத்தவற்றில் பட்ஜெட் பணமும் ஒன்று.

1937-ல் அவர் சென்னை மாகாணப் பிரதமரானார். அதே ஆண்டு அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. கள், சாராய வருமானம் போனால் கஜானா என்னாகும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்து புதிய வருமானத்துக்கு வழி செய்தார். கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்ததும் அதே ஆண்டில்தான். தான் சரியென்று நினைத்த காரியத்துக்குப் பணத்தைத் தேடி எடுக்க அவருக்குத் தெரியும்.

1952-ல் மறுபடியும் முதலமைச்சர். பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்தாண்டுகளுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி கிடைக்க முயல வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லியிருந்தது. அதற்குக் கட்டடம் வேண்டும், ஆசிரியர் வேண்டும், இரண்டுக்கும் பணம் வேண்டும். இந்த முறை அவர் வேறு கணக்குப் போட்டார். 1953 ஜூனில் கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரம் மூன்று மணியாகக் குறைந்தது. காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் இன்னொரு கூட்டம். அதே கட்டடம், அதே ஆசிரியர், இரண்டு மடங்கு பிள்ளைகள். மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பிள்ளைகள் பழக வேண்டும். நகரத்துப் பள்ளிகளுக்கு இந்த ஏற்பாடு கிடையாது.

இது சாதித் திட்டமல்ல, உழைப்பை மதிக்கும் கல்வி என்பது அவர் தரப்பு. ஆனால் நிலமில்லாத தலித் கூலியின் பிள்ளை பழக வேண்டிய தொழில் எது? ஆண்டை நிலத்தில் கூலி வேலை, செத்த மாட்டைத் தூக்குவது, சாவுக்குப் பறையடிப்பது. எதை விட்டு வெளியே வரப் பள்ளிக்கூடம் போனார்களோ, அங்கேயே பாதிநாள் திருப்பி அனுப்புவதாக இருந்தது திட்டம். அரசுக்கு மிச்சமாகும் பணம் அந்தப் பிள்ளைகளின் படிப்பு நேரத்திலிருந்து எடுக்கப்பட்டது.

பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். காங்கிரஸுக்குள்ளும் எதிர்ப்பு வந்தது. 1953 ஜூலையில் திட்டத்தைக் கைவிடச் சொல்லும் தீர்மானத்துக்குச் சட்டசபையில் இரு பக்கமும் சம ஓட்டு விழுந்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் மே மாதமே திட்டத்தைக் கைவிட்டார். பிறகு ஊர் ஊராகப் பள்ளி திறந்தார், 1956-ல் மதிய உணவு கொடுத்தார். கஜானா ஒரேயடியாக நிறைந்துவிடவில்லை. எதற்கு முதலில் செலவு செய்வது என்ற முடிவுதான் மாறியது.

ராஜாஜி 1972 டிசம்பர் 25-ல் காலமானார். அந்தக் கேள்வி இன்றும் இருக்கிறது. 2024-25-ல் சமக்ர சிக்ஷா திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை, பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்று ஒன்றிய அரசு நிறுத்தியது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான துணைத்திட்ட நிதிக்குத் தமிழ்நாட்டில் 2024-ல்தான் தனிச் சட்டம் வந்தது. பூனாவில் கையெழுத்தாகி 92 ஆண்டுகள் கழித்து.

தொரப்பள்ளி வீட்டைப் பார்க்கப் போகும் மாணவர்கள் அவசியம் போய்ப் பாருங்கள். பெற்றோர்களே, உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழு அடுத்த முறை கூடும்போது, இந்த ஆண்டு பள்ளிக்கு எவ்வளவு பணம் வந்தது, எதற்குச் செலவானது என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.