ஹர்லிங் விளையாட்டை மீட்டுத் தந்த ஆசிரியர் மைக்கேல் கியூசாக்

அயர்லாந்து என்றதும் நம் பங்கு மக்களுக்குப் புனித பத்ரீசியாரும், அந்நாட்டிலிருந்து உலகெங்கும் புறப்பட்டுச் சென்ற வேதபோதகர்களும் நினைவுக்கு வருவது இயல்பு. அந்நாட்டுக் கிராமங்களில் ஞாயிறு திருப்பலி முடிந்த பின் இளைஞர்கள் மட்டையும் பந்துமாக மைதானத்துக்குப் போகும் வழக்கம் பல தலைமுறைகளாக உண்டு என்பதை நம்மில் சிலரே அறிந்திருக்கக் கூடும். அந்த விளையாட்டின் பெயர் ஹர்லிங். நமது ஹாக்கியைப் போன்றதுதான் என்று முதலில் தோன்றும். ஆனால் ஹர்லிங்கில் பந்து தரையில் மட்டும் உருளுவதில்லை. பாதி நேரம் ஆகாயத்தில்தான் பறக்கும். தோல் போர்த்திய அந்தச் சிறு பந்தைக் கையால் பிடிக்கலாம், மட்டையின் அகன்ற நுனியில் ஏந்தியபடியே ஓடலாம், தலைக்கு மேல் வரும்போதே ஓங்கி அடிக்கலாம். மட்டையை ஆஷ் என்னும் மரத்தின் அடிப்பாகத்திலிருந்து, வேரை நோக்கி வளையும் இடம் பார்த்துச் செதுக்குகிறார்கள். மரத்தின் இழை வளைவோடு சேர்ந்து ஓடினால்தான் மட்டை உடையாது.

மிகப் பழமையான இந்த ஆட்டத்தை 1366-ஆம் ஆண்டிலேயே ஆங்கில ஆட்சியாளர்கள் சட்டம் போட்டுத் தடுக்கப் பார்த்தனர், முடியவில்லை. சட்டத்தால் சாகாத ஆட்டம் பின்னர் பசியால் சாகும் நிலைக்கு வந்தது. அதை மீட்டவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர்தம் வாழ்க்கை வெற்றிக் கதை என்று மட்டும் சொல்லிவிடத் தக்கதன்று. அவர் தொடங்கிய சங்கமே இருபது மாதங்களில் அவரைப் பதவியிலிருந்து வெளியேற்றியது.

மைக்கேல் கியூசாக் 1847-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள், கிளேர் மாவட்டத்தின் காரன் என்னும் சிற்றூரில் பிறந்தார். சுண்ணாம்புப் பாறை பரந்து கிடக்கும் பரன் என்ற வறண்ட மேட்டுநிலம் அது. தந்தையார் பிறர் மந்தையை மேய்த்துக் காத்தவர். வீட்டில் பேசிய மொழி ஐரிஷ். உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து ஏற்பட்ட பெரும் பஞ்சத்தின் மிகக் கொடிய ஆண்டு அந்த 1847. அப்பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறிப் போயினர். ஊருக்கு ஊர் ஆடிய ஆட்டத்துக்கு ஆளில்லாமல் போயிற்று. முன்காலத்தில் பந்தயம் கட்டி ஆட்டக்காரர்களை ஆதரித்த நிலப்பிரபுக்களும் அதற்கு முன்பே கைவிட்டிருந்தனர். கால்வே போன்ற சில பகுதிகளில் மட்டுமே, ஊருக்கொரு விதியோடு, ஹர்லிங் ஒட்டிக்கொண்டிருந்தது.

கியூசாக் ஆசிரியப் பயிற்சி பெற்று, 1870-களின் தொடக்கத்தில் கால்வே மாவட்டத்துக் கோர்ட் நகருக்கு அருகே ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தார். பின்பு நியூரி நகரில் புனித கோல்மன் கல்லூரியிலும், டப்ளினில் தூய ஆவி சபைக் குருக்களின் பிளாக்ராக் கல்லூரியிலும், இயேசு சபையினரின் குளோங்கோஸ் கல்லூரியிலும் பணியாற்றினார். 1876-இல் மார்கரெட் வுட்ஸ் என்ற மங்கையை மணந்தார். 1877-இல் டப்ளினில் சொந்தமாக ஒரு பயிற்சிக் கழகம் தொடங்கினார். அரசுப் பணித் தேர்வுகளுக்கு இளைஞர்களை ஆயத்தம் செய்வதே அதன் வேலை. நல்ல வருமானமும் நல்ல பெயரும் கிடைத்தன.

ஆசிரியர் சாதுவான மனிதர் என்று எண்ணிவிட வேண்டாம். அகன்ற தோள்களும் அடர்ந்த தாடியும் கையில் முரட்டுத் தடியும் கொண்டவர். 1881-இல் குண்டு எறிதலில் அயர்லாந்தின் சாம்பியனாக வந்தவர். ரக்பியும் கிரிக்கெட்டும் அவருக்கு அத்துப்படி. ஆகவே ஆங்கிலேய விளையாட்டுகளை அறியாதவரின் வெறுப்பு அன்று அவருடையது. அவர் மனத்தை உறுத்தியது வேறொன்று. அக்காலத்து ஓட்டப் போட்டிச் சங்கங்களில் கூலி வேலை செய்பவனுக்கும் கைத்தொழிலாளிக்கும் இடமில்லை. அமெச்சூர் என்ற சொல்லுக்கு அவர்கள் கனவான் என்றே பொருள் கொண்டனர். போட்டிகள் நடந்ததோ சனிக்கிழமைகளில். ஏழைக்கு ஓய்வு ஞாயிறு ஒரு நாள்தான். ஏழைகளின் மொழியான ஐரிஷைக் காக்கும் இயக்கத்திலும் 1882 முதல் அவர் உழைத்து வந்தார். மொழியைப் போலவே விளையாட்டும் ஏழையின் கையிலிருந்து நழுவுவதை அவர் கண்டார்.

முதல் முயற்சி தோற்றது. 1883-இன் தொடக்கத்தில் உருவான டப்ளின் ஹர்லிங் கழகம் சில மாதங்களில் கலைந்தது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில், தம் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு பீனிக்ஸ் பூங்காவில் சனிக்கிழமை தோறும் ஆடத் தொடங்கினார். ஆரம்பத்தில் வந்தவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஆயினும் வாரம் தவறாமல் போனார். கூட்டம் மெல்லப் பெருகவே டிசம்பரில் மெட்ரோபாலிட்டன் ஹர்லிங் கழகம் தோன்றியது.

அடுத்து நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1884-ஆம் ஆண்டு பாஸ்குத் திங்களன்று அவர் தம் டப்ளின் அணியைக் கால்வே மாவட்டத்துப் பாலினஸ்லோ நகரின் சந்தை மைதானத்துக்கு அழைத்துச் சென்றார். எதிர் அணி கில்லிமோர் கிராமத்தார். அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆடி வந்தவர்கள். தங்களுக்கென விதிகளையும் எழுதி வைத்திருந்தவர்கள். ஆட்டம் தொடங்கியதும் இரு தரப்பாரும் ஒரே பெயரில் இரு வேறு ஆட்டங்களை ஆடுகிறார்கள் என்பது வெளிச்சமாயிற்று. கிராமத்தாரின் முரட்டு ஆட்டத்துக்கு நகரத்து இளைஞர் ஈடு கொடுக்க முடியவில்லை. கியூசாக் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்த நேர்ந்தது. என் எண்ணத்தில், இன்றுள்ள சங்கம் கருவுற்ற நாள் அதுதான். ஆர்வமுள்ள ஆட்டக்காரர்கள் ஊருக்கு ஊர் இருந்தும், பக்கத்து ஊரோடு மோதப் பொது விதி இல்லையென்றால் ஆட்டம் தன் ஊருக்குள்ளேயே முடங்கி மடியும் என்பதை அவர் அன்று நேரில் கண்டார்.

அவ்வாண்டு ஆகஸ்டில் லாக்ரே நகரில் குளோன்பர்ட் ஆயர் டக்கன் ஆண்டகையிடம் ஆதரவு கேட்டனர். முதுமை காரணமாக ஆயர் தாம் ஒதுங்கிக்கொண்டு, கேஷல் பேராயர் குரோக் ஆண்டகையைக் கைகாட்டினார். அக்டோபரில் கியூசாக் இரு செய்தித்தாள்களில் ஒரு கட்டுரை எழுதி நாட்டைத் தட்டி எழுப்பினார். நவம்பர் முதல் நாள், சகல புனிதர் திருநாளன்று, திப்பரேரி மாவட்டத்துத் தர்லஸ் நகரில் ஹேஸ் ஓட்டலில் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் ஏழு பேர் என்பது வழக்கமான கணக்கு. அவர்களில் ஒருவர் கியூசாக்கிடம் படித்த காவல் துறை அதிகாரி. அதே சங்கம் சில ஆண்டுகளிலேயே காவல் துறையினரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது வேடிக்கைதான். இவ்வாறு பிறந்ததே கேலிக் விளையாட்டுச் சங்கம். மாரிஸ் டேவின் தலைவர். கியூசாக் செயலாளர்களுள் முதல்வர். பேராயர் குரோக், பார்னெல், மைக்கேல் டேவிட் ஆகிய மூவரும் புரவலராக இசைந்தனர். டேவின் வகுத்த விதிகள் 1885 ஜனவரியில் ஏற்கப்பட்டன.

அதன்பின் சங்கம் காட்டுத்தீ போல் பரவியது. அவ்வேகத்துக்குக் காரணம் என்ன? புதிதாகக் கிளை அமைக்க வேண்டிய அவசியமே இல்லாத ஓர் அமைப்பின் மீது சங்கம் ஏறி அமர்ந்தது. அதுதான் பங்கு. ஒரு பங்குக்கு ஒரு கழகம் என்ற முறை வேரூன்றியது. எல்லை அனைவருக்கும் தெரியும். ஞாயிறன்று எல்லோரும் கூடும் இடமும் தெரியும். அணிக்கு எவரைச் சேர்ப்பது என்ற வழக்குக்கும் பெரும்பாலும் இடமில்லை. அடுத்த பங்கை வெல்வதைவிட இனிய ஊக்கம் கிராமத்து இளைஞனுக்கு வேறு உண்டா? பங்குத் திருநாள் பந்தயங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு சிக்கலும் உடன் பிறந்தது. விதிப்படி அணிக்கு இருபத்தொருவர். பஞ்சத்தாலும் கப்பலாலும் மெலிந்த சிறு பங்குகள் இருபத்தொரு வாலிபர்களுக்கு எங்கே போகும்? பின்னர் அத்தொகை பதினேழாகி, 1913-இல் பதினைந்தாகக் குறைந்தது.

நூற்றுக்கணக்கான கழகங்கள் எழுந்தன. ஒவ்வொன்றும் தலைமைக்குக் கடிதம் எழுதிற்று, சந்தா அனுப்பிற்று, வழக்கு கேட்டது. இங்கேதான் கியூசாக்கின் குறை வெளிப்பட்டது. கூட்டத்தை எழுப்பும் குரல் அவருக்கு இருந்தது. கோப்பைக் கட்டிக் காக்கும் பொறுமை இல்லை. கடிதங்கள் பதிலின்றிக் கிடந்தன. கணக்கு ஒழுங்காகக் காட்டப்படவில்லை. போதாக்குறைக்கு நாவடக்கமும் இல்லை. எதிர்த்தவர்களைப் பத்திரிகைகளில் சாடினார். 1886-இல் பேராயர் குரோக் ஆண்டகையின் மனத்தையே புண்படுத்திவிட்டார். பேராயர் விலகிக்கொள்வதாக எச்சரிக்கும் அளவுக்கு விஷயம் முற்றியது. அவ்வாண்டு ஜூலையில் தர்லஸ் நகரில் கூடிய கூட்டம் அவரைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கியது. சங்கம் பிறந்த அதே ஊர்!

அவருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று பரிந்து எழுதுவோர் உளர். குற்றச்சாட்டுகளில் உண்மை இருந்தது என்பதே என் கருத்து. கிராமத்துக் கழகம் ஒன்றின் செயலாளர், மழையிலும் சேற்றிலும் மைதானம் தேடி, பந்து வாங்க நாலணா எட்டணாவாகத் தண்டி, தலைமைக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வராமல் காத்திருந்தால், அந்தக் கழகம் எத்தனை நாள் தாங்கும்? அவர் மூட்டிய தீயை அணையாமல் காத்தவர்கள் பெயர் தெரியாத அந்தச் செயலாளர்கள்தாம்.

ஆயினும் கியூசாக் முடங்கிவிடவில்லை. 1887 ஜனவரியில் கெல்டிக் டைம்ஸ் என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். நாட்டுப்புற ஆட்டங்களின் செய்திகளைத் தாங்கி வந்த அது ஓராண்டில் நின்றது. அதே 1887-இல் சங்கத்துக்குள் புரட்சி இயக்கத்தாருக்கும் குருக்கள் தரப்பாருக்கும் மோதல் மூண்டு, தர்லஸ் மாநாட்டில் பிளவு உண்டாயிற்று. பேராயரின் முயற்சியால் மறு ஆண்டு ஒட்டியது. முதல் அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதி ஆட்டம் 1888 ஏப்ரல் முதல் நாள், பாஸ்கு ஞாயிறன்று, பர் நகரில் நடந்தது. திப்பரேரிக்காகத் தர்லஸ் அணி, கால்வேக்காக மீலிக் அணி, தர்லஸ் வென்றது. கவனிக்க: மாவட்டத்தின் பெயரால் ஆடியது ஊர்க் கழகம். அதே ஆண்டு நிதி திரட்ட ஏறத்தாழ ஐம்பது வீரர்கள் அமெரிக்கா சென்றனர். கடன் மிஞ்சியது, போனவரில் பலர் திரும்பவே இல்லை.

1890-இல் கியூசாக்கின் மனைவி காலமானார். அதே ஆண்டில் பார்னெல் விவகாரம் நாட்டையே இரண்டாக்க, சங்கமும் சிதறியது. மாவட்டம் மாவட்டமாகக் கழகங்கள் மறைந்தன. அவருடைய பயிற்சிக் கழகமும் பழைய செழிப்பை இழந்தது. பாடம் சொல்லியும் பத்திரிகைகளுக்கு எழுதியும் காலம் தள்ளினார். ஆட்டம் எங்கே நடந்தாலும் போய் நின்றார். 1901-இல் மீண்டும் செயலாளர் பதவிக்கு நின்று, மிகச் சில வாக்குகளில் தோற்றார். 1906-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் டப்ளினில் இறைவனடி சேர்ந்தார். வயது ஐம்பத்தொன்பது. கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1922-இல் வெளிவந்த ஜேம்ஸ் ஜாய்சின் யுலிசிஸ் நாவலில் வரும் முரட்டுத் தேசாபிமானி இவரை வைத்தே வரையப்பட்டவர் என்பர். அச்சித்திரம் இவருக்குச் செய்த நியாயம் குறைவு.

2018-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் ஹர்லிங்கை மானிடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பெருமைதான். ஆயினும் அயர்லாந்தின் முப்பத்திரண்டு மாவட்டங்களிலும் கேலிக் கால்பந்து ஆடப்பட, ஹர்லிங் வலுவாக இருப்பது பெரும்பாலும் தெற்கிலும் கிழக்கிலுமுள்ள சில மாவட்டங்களில்தான். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் இல்லை. பயிற்சி தருவோரில் பெரும்பாலோர் மாலையில் வேலை முடிந்து வரும் தந்தைமாரும் ஆசிரியர்களும். இளைஞர் டப்ளினுக்கும் கடல் கடந்தும் போய்விடுவதால், பதினைந்து பேர் சேராத கிராமப் பங்குகள் அடுத்த பங்கோடு சேர்ந்து அணி அமைக்கின்றன. நேற்றுவரை எதிரியாக நின்றவனோடு ஒரே சட்டை அணிவது கிராமத்தானுக்கு எளிதன்று. மட்டைக்கும் தட்டுப்பாடு வந்தது. 2012-இல் அந்நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சண நோய் ஆஷ் மரங்களை வாட்டி வருவதால், மூங்கில் மட்டையும் செயற்கைப் பொருள் மட்டையும் கைக்கு வந்துள்ளன.

டப்ளினில் சங்கத்தின் தலைமை மைதானம் பேராயர் குரோக் ஆண்டகையின் பெயரைத் தாங்குகிறது. அதன் ஒரு பக்கத்துப் பார்வையாளர் அரங்குக்கு, பேராயரோடு பிணங்கிய கியூசாக்கின் பெயர். 1938-இல் திறந்து, பின்னர் புதுப்பித்துக் கட்டப்பட்ட அரங்கு அது. கியூசாக் பிறந்த கிளேர் மாவட்டம் 1914-இல் அகில அயர்லாந்துக் கோப்பையை வென்ற பின் எண்பத்தோரு ஆண்டுகள் காத்திருந்து, 1995 செப்டம்பரில் அந்த அரங்கின் எதிரில்தான் மீண்டும் வென்றது.