செவிக்கு எட்டாத ஒலி

கப்பலின் உடலையும் பாலத்தின் உத்திரங்களையும் கொதிகலன்களின் தகடுகளையும் இணைப்பது மின்வில் பற்றவைப்பு. வெளியே சீராகத் தோன்றும் இணைப்பின் உள்ளே நுண்துளையோ விரிசலோ மறைந்திருக்கலாம். கண்ணுக்குப் புலப்படாத அக்குறையை மீயொலி கண்டறியும். வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட அவ்வொலியைப் பயன்படு கருவியாக்கிய முன்னோடி, பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாங்கெவின்.

அவர் 1872ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் பாரிசில் பிறந்தார். அந்நகரில் அவருக்கு இயற்பியல் கற்பித்தவர் பியர் கியூரி. குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் அதில் மின்னூட்டம் தோன்றும் என்பதை 1880இல் தம் தமையனுடன் சேர்ந்து கண்டறிந்தவர் அவர். பெரும்பயன் ஏதுமின்றி அவ்வுண்மை பல்லாண்டுகள் ஆய்வுக்கூடத்திலேயே தங்கிக் கிடந்தது.

முதல் உலகப்போரில் செருமானிய நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்தன. மாலுமிகள் பலர் மாண்டனர். ஒளி கடலுள் நெடுந்தொலைவு செல்லாது, ஒலி செல்லும். மீயொலியை அனுப்பி எதிரொலியைப் பெறும் முயற்சியில் லாங்கெவின், உருசியப் பொறியாளர் சிலோவ்ஸ்கியுடன் 1915இல் இறங்கினார். முதலில் செய்த கருவியின் திறன் போதவில்லை. 1917இல் ஆசிரியரின் கண்டுபிடிப்பு அவருக்குக் கைகொடுத்தது. குவார்ட்ஸ் துண்டுகளை இரு எஃகுத் தகடுகளுக்கு இடையே பொருத்தினார். மாறுமின்னழுத்தம் தந்தபோது அவை அதிர்ந்து ஒலி எழுப்பின. மீண்டு வந்த ஒலி மோதியபோது மின்னழுத்தம் தந்தன. ஒரே கருவி வாயும் செவியும் ஆயிற்று. 1918இல் நீர்மூழ்கியின் எதிரொலி கிட்டியது. ஆயினும், அது போர்க்களத்தில் பயன்படும் முன்னரே போர் முடிந்தது.

கடலில் தேடிய ஒலி பின்னர் உலோகத்துள் நுழைந்தது. 1928இல் சோவியத் அறிஞர் சொகலோவ், உலோகக் குறைகளை மீயொலியால் அறியலாம் என எடுத்துரைத்தார். துடிப்பை அனுப்பி எதிரொலியால் குறையைக் காட்டும் கருவிக்கு 1942இல் அமெரிக்கரான ஃபயர்ஸ்டோன் காப்புரிமை பெற்றார்.

அவ்வேளையில் லாங்கெவின் காவலில் இருந்தார். பாசிசத்தை எதிர்த்தமையால் 1940 அக்டோபரில் நாசிகள் அவரைச் சிறைப்படுத்தினர். பின்னர்த் திருவா நகரில் காவலில் வைத்தனர். 1942இல் மருமகன் சுட்டுக் கொல்லப்பட்டார். மகள் ஆசுவிட்சு முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1944இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிய அவர், நாடு விடுதலை பெற்றதும் திரும்பினார். மகளும் உயிருடன் மீண்டார். 1946 டிசம்பர் 19ஆம் நாள் அவர் மறைந்தார். அவருடைய உடல் 1948இல் பிரான்சின் பெருமக்கள் துயிலும் பாந்தியனில் வைக்கப்பட்டது.

இன்று, பற்றவைப்பு நிகழும்போதே மீயொலி உணர்விகள் உருகிய உலோகம் எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்பதை அறிய உதவுகின்றன. ஆழம் குறைந்தால் மின்னோட்டத்தை உடனே திருத்தலாம். இணைப்பு உறுதியாக அமைந்தால் பாலத்தைக் கடப்போரின் உயிர் காக்கப்படும். மாலுமிகளைக் காக்கப் பிறந்த கருவியின் வழித்தோன்றல்கள் அப்பணியைத் தொடர்கின்றன.