உடலின் அடையாளமும் உள்ளத்தின் விசுவாசமும்

தர்சு நகரில் பிறந்த திருத்தூதர் பவுல், யூத மரபின்படி எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்றவர். ஆயினும், கி.பி. 49 அளவில் கூடிய எருசலேம் சங்கத்தில், பிற இனத்து விசுவாசிகள்மீது அச்சுமையை ஏற்றலாகாது என்பதில் உறுதியாய் நின்றார். கிரேக்கரான தீத்துவுக்கு அதனைச் செய்விக்க இணங்கவில்லை. யூதத் தாயின் மகனான திமொத்தேயுவுக்கோ, யூதரிடையே இறைப்பணி தடைப்படாதிருக்கத் தாமே செய்வித்தார்.

கிரேக்கரின் ஏளனத்துக்கு அஞ்சி, அவ்வடையாளத்தை மறைக்க முயன்ற யூதரும் அக்காலத்தில் இருந்தனர். பெற்றவர் அதனை மாற்றவும், பெறாதவர் அதனைத் தேடவும் வேண்டியதில்லை என்று அவர் கொரிந்து சபைக்கு எழுதினார். அன்பாய்ச் செயற்படும் விசுவாசமே மேலானதெனப் போதித்து, உரோமையில் மறைசாட்சியாய் உயிர் நீத்தார்.

நாவுலப் பகுதியில் பல சமயத்தவரோடு வாழும் நாமும், அயலவரின் அடையாளத்தை இகழாது, நமது அடையாளத்தில் செருக்குறாது, அன்பினால் அறியப்படுவோமாக.